பழைய எண்ணுக்கு வருபவர்

...இல்லை, இப்போதும் சாம்பல் நிறம்தான். எல்விரா மறுபடி பக்கத்தைப் புதுப்பித்தாள், மதியத்திலும் இரவிலும் திறந்திருக்கும் முறை இன்று எந்த மருந்துக் கடைக்கு என்று சொல்லும் பட்டியல் திரையில் வந்து நின்றது, அடியில், யாரும் பார்க்காத மூலையில், அந்தப் புள்ளி. பச்சையாக இருந்திருக்க வேண்டும். பழைய சர்வரிலிருந்து வரும் பக்கத்துக்குச் சாம்பல் புள்ளி, புதியதிலிருந்து வந்தால் பச்சை, எது பதில் சொல்கிறது என்று ஒரே பார்வையில் தெரிந்துகொள்வதற்கு அவள் கணவன் அனிபால் கண்டுபிடித்த உபாயம், அவன் இறந்து எட்டு மாதமாகியும் அவனுடைய கூட்டாளி பௌதாஸ்ஸோ அதை விடவில்லை, புள்ளியை வைத்தான், சனிக்கிழமையே எல்லாத் தளங்களையும் மாற்றிவிட்டேன் என்றும் சொன்னான். இன்று புதன். பட்டியலிலும் போன வாரத்து ரினால்தி கடையின் பெயரே நிற்கிறது, யாராவது காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு மருந்து தேடி ரினால்தி கடைக்குப் போய் இழுத்து மூடிய கதவைத் தட்டிக்கொண்டு நின்றால்? மாற்றினானா, அல்லது மாற்றினேன் என்று என்னிடம் மட்டும் சொன்னானா... நாலு மணிக்கு வருகிறேன் என்றிருக்கிறான், நீ சரியென்றால் பழைய சர்வரை நிறுத்திவிடலாம் என்று. நான் எதற்குச் சரி சொல்ல வேண்டும்? நாளைக் காலை நோட்டரியிடம் நேரம் வாங்கியாகிவிட்டது, தொழிலில் என் பாதியைப் பிரித்துக்கொண்டு போகிறேன், நாலு மணிக்கு அதைத்தான் அவனிடம் சொல்லப்போகிறேன். ஒன்று மட்டும் தெரிய வேண்டும், இந்தப் புள்ளி ஏன் சாம்பல்?

வெளியே ஊர் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு மணிக்கு எல்லோரும் சன்னல் பலகைகளை இறக்கிவிடுவார்கள், நாலு வரை தெருவில் வெயிலும் நாய்களும்தான். மற்ற ஊர்களில் இந்த மாதிரி வேலையை நள்ளிரவில் செய்வார்களாம், அனிபால் சிரிப்பான், நம்ம ஊர்ல ராத்திரி ரெண்டு மணிக்கும் எவனாவது கிளப்போட கால்பந்து பக்கத்தைப் பாத்துட்டு இருப்பான், மதியத் தூக்கத்துலதான் ஒருத்தனும் இருக்கமாட்டான் என்று. அதனால் அவன் காலத்திலிருந்தே சர்வர் வேலையெல்லாம் இந்த நேரத்தில்தான். கால்நடை மருத்துவர், விதைக் கடை, கிளப், இரண்டு மருந்துக் கடைகள், சவ அடக்கம் செய்யும் கொலாந்த்ரே குடும்பம், எல்லோருடைய தளமும் ரொசாரியோ நகரத்தில் வாடகைக்கு எடுத்த ஒரே சர்வரில். அந்தச் சர்வர் இருக்கும் கூடத்தை மூடுகிறார்கள், வேறு கூடம், வேறு சர்வர், ஆகவே வேறு எண். மக்களுக்குப் பெயர்தான் தெரியும், பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்வதற்கு டிஎன்எஸ் சர்வர்கள் இருக்கின்றன, அவை ஒருமுறை கேட்ட பதிலைக் கொஞ்ச நேரம் ஞாபகம் வைத்துக்கொள்ளும், அந்தக் கொஞ்ச நேரத்துக்கு ஒரு கெடு உண்டு. வழக்கமாக ஒரு நாள். மாற்றத்துக்கு முன்பே கெடுவை ஐந்து நிமிடமாகக் குறைத்துவிட வேண்டும், பழைய கெடு தீரும்வரை பொறுக்க வேண்டும், பிறகுதான் எண்ணை மாற்ற வேண்டும், மாற்றிய பிறகும் பழைய சர்வரை நிறுத்தக் கூடாது, கடைசி ஆள் வந்து போகும்வரை அதுவும் திறந்திருக்க வேண்டும். இதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் வைத்து அனிபால் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான், உப்புச் சாடியைப் பழைய சர்வராகவும் எண்ணெய்ப் புட்டியைப் புதிய சர்வராகவும் நிறுத்தி. முடிஞ்சதுன்னு ஒருத்தன் சொன்னா நம்பாத, வெளிய போய் நின்னு கேட்டுப் பாரு. அது தொழிலுக்குச் சொன்னது. தொழிலுக்கு மட்டுமா சொன்னான்?

முதல் இரண்டு நாள் அவள் கூட்டுறவுச் சங்கத்தின் மேல்தான் பழியைப் போட்டாள். ஊருக்குத் தொலைபேசியும் இணையமும் கொடுப்பது அந்தச் சங்கம்தான், அவர்களுடைய டிஎன்எஸ் எந்தக் கெடுவையும் மதிக்காது என்று ஊருக்கே தெரியும். பௌதாஸ்ஸோவின் கிண்டல் கூட அதுதான், என் கல்யாணத்துக்கு வந்த வாழ்த்தே இன்னும் அவங்க லைன்ல எங்கியோ வந்துட்டு இருக்கு, விவாகரத்தே ஆயிடுச்சு. நேற்று அவள் சங்கத்துக்குப் போன் செய்து கேட்டாள், ஞாபகத்திலிருந்த பழைய எண்களையெல்லாம் சனிக்கிழமையே துடைத்துவிட்டோம் என்றார்கள், பௌதாஸ்ஸோ வந்து பக்கத்தில் நின்று செய்ய வைத்தானாம். பக்கத்தில் நின்றானா? அதை ஏன் என்னிடம் சொல்லவில்லை? சொல்லாமல் செய்கிறவன் வேறு எதையெல்லாம் சொல்லாமல் செய்வான்... போன மார்ச்சில் தொடங்கி வியாழக்கிழமைதோறும் அவனுடைய வண்டி வாசலில் வந்து நிற்கும், அனிபால் ஏறிக்கொள்வான், ரொசாரியோவுக்கு, சர்வருக்கு விசிறி மாற்ற வேண்டும் என்று. ஒரு சர்வருக்கு எத்தனை விசிறி? அவள் அப்போது கேட்கவில்லை. மே மாதம் அனிபாலால் படியேற முடியாமல் போன பிறகுதான் தெரிந்தது, அவன் போய்வந்தது சர்வர் கூடத்துக்கு அல்ல, மருத்துவமனைக்கு, மூன்று மாதமாக, மனைவிக்குத் தெரியாமல், பௌதாஸ்ஸோவுக்குத் தெரிந்து. அவனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. அன்று தொடங்கியது இது. என் கணவனையே என்னிடமிருந்து மறைத்து ஓட்டிக்கொண்டு போனவனுக்கு, வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராக மறைத்து ஓட்டிக்கொண்டு போவது பெரிய வேலையா?

வெளியே போய் நின்று கேட்டுப் பார்... அவளுடைய கைப்பேசி பேசுவதற்கு மட்டும் ஆனது, அதில் பக்கமெல்லாம் வராது. இந்த நேரத்தில் யாரை எழுப்புவது, எழுப்பினால் ஒரு வருடத்துக்கு முகம் கொடுக்கமாட்டார்கள். முறைக் கடை ஒன்றுதான் விழித்திருக்கும், இந்த வாரம் பெர்தோல்தி கடை. நிதியா பெர்தோல்தி முதல் மணியிலேயே எடுத்தாள், இவள் பெயரைச் சொன்னதும், எதுவும் கேட்பதற்கு முன்பே, எல்லாம் நல்லா இருக்கு டோன்யா எல்விரா, கவலைப்படாதீங்க, என்றாள். எது நல்லா இருக்கிறது? இவள் கேட்டாள், உன் திரையில் முறைக் கடை எது என்று. நம்ம கடைதான், சனிக்கிழமை மதியத்துலேர்ந்து சரியா காட்டுதே. அடியில் ஒரு புள்ளி இருக்கும், என்ன நிறம்? நிதியா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொள்வது கேட்டது. பச்சை, என்றாள், அழகா இருக்கு. பிறகு கொஞ்சம் தயங்கி, பௌதாஸ்ஸோ அன்னைக்கே ஒவ்வொருத்தருக்கும் போன் பண்ணிக் கேட்டாரே, உங்ககிட்ட சொல்லியிருப்பாரே, என்றாள்.

ஒவ்வொருத்தருக்கும். அவள் ரிசீவரை வைத்தாள். அப்படியானால் ஊருக்கெல்லாம் பச்சை, எனக்கு மட்டும் சாம்பல். எல்லோரையும் புதிய வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டு என்னை மட்டும் பழைய வீட்டில் வைத்துப் பூட்டியிருக்கிறான், இதை வேண்டுமென்றே செய்ய முடியும், யாருக்கு எந்த வாசல் என்று பிரித்து வைக்க முடியும், அனிபாலே சொல்லியிருக்கிறான். எனக்குத் தெரியாமல் அங்கே என்னவெல்லாம் ஏறியிருக்கிறதோ, கீழே உரிமையாளர் என்று யாருடைய பெயர் இருக்கிறதோ... அவள் பழைய சர்வரின் வருகைப் பதிவைத் திறந்தாள். யார் வந்தாலும் அதில் ஒரு வரி விழும். காலியாக இருந்திருக்க வேண்டும், ஊரே போய்விட்டதே. காலியாக இல்லை. ஒரே ஒருவர், நாலு நாளாக, திரும்பத் திரும்ப, கூட்டுறவுச் சங்கத்தின் எண்ணிலிருந்து. அந்த எண் பாதி ஊருக்குப் பொதுவானது, பௌதாஸ்ஸோ வீடும் அதில் சேர்த்தி. வேறு யார்? பழைய சர்வரைப் பற்றித் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான், நானும் அவனும். நான் என்ன செய்கிறேன் என்று பார்க்க வருகிறான். நேரங்களைப் பார்த்தாள். அவள் காலையில் மேசைக்கு வந்தபோது வந்திருக்கிறான். சாப்பிடப் போனபோது வரவில்லை. திரும்பி உட்கார்ந்ததும் மறுபடி. சோதித்துப் பார்க்க எழுந்து போய் அடுப்பில் தண்ணீர் வைத்தாள், சன்னல் பலகையின் இடுக்கு வழியாக எதிர் வீட்டு மாடியைப் பார்த்தாள், ஒருவருமில்லை, ஒரு நாய் நிழலை மாற்றிப் படுத்தது. திரும்பி வந்து பார்த்தாள், அவள் இல்லாத நேரம் முழுக்க ஒரு வரி இல்லை. உட்கார்ந்து மருந்துக் கடைப் பக்கத்தைப் புதுப்பித்தாள். பதிவில் ஒரு வரி விழுந்தது. நான் எழுந்தால் எழுகிறான், உட்கார்ந்தால் உட்காருகிறான். இந்த அளவுக்கா...

பௌதாஸ்ஸோ நாலு மணிக்கு முன்பே வந்துவிட்டான், கையில் பேக்கரிப் பொட்டலம், கக்கத்தில் வெந்நீர்க் குடுவை, எப்போதும்போல வாசலிலேயே செருப்பைத் தட்டிக் கழற்றினான், கம்ப்யூட்டர் மேசைக்கு இரண்டடி தள்ளியே நாற்காலியைப் போட்டுக்கொண்டான். எட்டு மாதமாக அப்படித்தான், அந்த மேசையை அவன் நெருங்குவதில்லை, அதையும் அவள் கவனித்து வைத்திருந்தாள், எதற்கு இந்த நடிப்பு என்று. அவன் மாத்தே என்ற கசப்புத் தேநீர் இலையைக் கிண்ணத்தில் நிறைத்து வெந்நீர் விட்டு, வழக்கப்படி முதல் சுற்றைத் தானே குடித்தான். அவள் நோட்டரியைப் பற்றித்தான் முதலில் சொல்வதாக இருந்தாள்.

"பழைய சர்வருக்கு ஒருத்தன் வந்துட்டே இருக்கான்," என்றாள்.

"தெரியும். நாலு நாளா நானும் பாக்குறேன்."

"யாரு?"

அவன் கிண்ணத்தில் மறுபடி வெந்நீர் விட்டு அவளிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"நீதான், எல்விரா."

அவன் மெதுவாகத்தான் சொன்னான், ஜெயித்தவனுடைய குரலில் அல்ல. வர்றவனோட எண்ணைப் பாக்காத, அவன் எந்த பிரௌசர்ல வர்றான்னு பாரு, வரியோட கடைசில இருக்கும், இவ்வளவு பழைய பிரௌசரை இன்னும் வச்சிருக்கறது உலகத்துலயே ரெண்டு இடம், ஒண்ணு மியூசியம், இன்னொண்ணு அனிபால் மேசை, என்றான். பிறகு, அந்தப் பெயர்-எண் கோப்பை நீயே திறந்து பாரு, நான் தொடல, என்று கையை முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டான். அவளுக்கு அந்தக் கோப்பைத் தெரியும். வெளியே எந்த டிஎன்எஸ்ஸையும் கேட்பதற்கு முன்னால் கம்ப்யூட்டர் தனக்குள்ளேயே பார்க்கும் கோப்பு, அதில் எண் எழுதியிருந்தால் வேறு யாரையும் கேட்காது. ஆறு வருடம் முன்பு, இப்போது பழையதாகிவிட்ட இந்தச் சர்வர் புதியதாக இருந்தபோது, ஊருக்குத் திறந்துவிடும் முன் தான் மட்டும் உள்ளே போய்ப் பார்ப்பதற்காக அனிபால் அதில் எண்ணை எழுதியிருக்கிறான், வேலை முடிந்ததும் அழித்திருக்க வேண்டும், இந்தத் தொழிலில் எல்லோரும் மறக்கிற வேலை அது. ஆறு வருடம் அவன் எழுதியதும் ஊர் சொன்னதும் ஒரே எண்ணாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. சனிக்கிழமை ஊர் வேறு எண்ணுக்குப் போனது, இந்த மேசை மட்டும் போகவில்லை. அவள் வரிகளை அழித்தாள், ஒவ்வொன்றாக, மொத்தமாக அழிக்க மனம் வரவில்லை. பக்கத்தைப் புதுப்பித்தாள். முறைக் கடை பெர்தோல்தி. பச்சை. உரிமையாளர் என்ற இடத்தில் இரண்டு பெயர்கள், முன்பு இருந்தபடியே, அனிபாலின் இடத்தில் அவளுடையது.

"முதல் நாளே தெரிஞ்சிருக்கு. ஏன் சொல்லல?"

"சொன்னா நீ என்ன சொல்லியிருப்ப?"

என்ன சொல்லியிருப்பேன்... அனிபால் கம்ப்யூட்டருக்குள்ளே என்ன இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும், எப்போ வந்து பார்த்தே, என்று. வேறு எதுவும் சொல்லியிருக்க மாட்டேன். அதனால்தான் இரண்டடி தள்ளி உட்கார்ந்து, நானாகக் கேட்கட்டும் என்று, யாருமே வராத ஒரு சர்வரை எனக்காகத் திறந்து வைத்துக்கொண்டு... நல்ல மனதுதான், அல்லது சாமர்த்தியம், இதோ, இப்போதுகூட மனம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது. நிதியாவும் அப்படித்தானே பேசினாள், கேட்பதற்கு முன்பே கவலைப்படாதீங்க என்று, ஈரத் தரையில் நடப்பதுபோல. எப்போதிருந்து எல்லோரும் என்னிடம் இப்படி? அனிபால் போன பிறகா? அதற்கு முன்பேவா? மறைத்தவன் பௌதாஸ்ஸோ என்றே இத்தனை நாள் நினைத்தாயே எல்விரா, மறைக்கலாம் என்று முடிவு செய்தது யார் என்று ஒரு தடவை கேட்டாயா? மருத்துவமனைக்குப் போவதற்கு முந்தைய புதன்கிழமை இரவுகளில் அனிபால் மேசையில் எதிரே உட்கார்ந்து வாயைத் திறப்பான், அவள் முகத்தைப் பார்ப்பான், பிறகு ரொட்டியைப் பிட்டுக்கொள்வான். சொல்லியிருந்தால் என்ன கேட்டிருப்பேன், வலிக்கிறதா என்றா கேட்டிருப்பேன்? அவளுக்குத் தெரிந்தது. வேறு யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டிருப்பாள். அதைத்தான் முதலில் கேட்டிருப்பாள்.

மாத்தே ஆறிக்கொண்டிருந்தது. தெருவில் முதல் சன்னல் பலகை மேலே ஏறும் சத்தம் கேட்டது, பிறகு இன்னொன்று, ஊர் எழுந்துகொண்டிருந்தது. பௌதாஸ்ஸோ, நிறுத்திடட்டுமா, என்று கேட்டான். அவள் பதிவைப் பார்த்தாள், புதிய வரி எதுவும் விழவில்லை. நிறுத்திடு, என்றாள். அவன் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டே, நேற்று போனில் நாலு மணிக்கு ஏதோ பேசணும்னு சொன்னியே, என்ன, என்றான். நாளைக் காலை, நோட்டரி... இப்போது சொல்லிவிடலாம், சிரித்துவிட்டுப் போவான், அல்லது சிரிக்காமல் போவான், காலையில் ஒரு போன் செய்து நேரத்தை ரத்து செய்துவிட்டால் அவனுக்குத் தெரிய வேண்டியதே இல்லை, எதற்கு அவன் மனதை...

"ஒண்ணுமில்ல," என்றாள், எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அது, எவ்வளவு அன்பாகவும் கூட.