உயிரோடிருந்த தாய்க்கு விரதம்

என் புருசன் நடித்த நாடகங்களைப் பற்றிக் கதைக்க ஊரில் நூறு பேர் இருக்கிறார்கள். வாள் பிடித்த கையைச் சொல்வார்கள், குரலைச் சொல்வார்கள், நடையைச் சொல்வார்கள். அவர் வீட்டிலும் சந்தையிலும் இருபது வருசத்துக்கு மேலாக நடித்த நாடகத்தைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். அதற்கு வசனம் சொல்லிக்கொடுத்தவளும் நான்தான். அதனால் மற்றவர்கள் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருக்கட்டும்.

ஐம்பத்தாறாம் ஆண்டு இந்தியாவிலிருந்து ஒரு நாடகக் கம்பனி வந்தது. மூன்று மாத அனுமதி. எங்கள் மயிலிட்டியில் பந்தல் போட்டு ஆறு நாள் ஆடினார்கள். ராஜபார்ட் ஆடியவர் பெயர் பஞ்சநதம். ஊர் திருவையாறு. வள்ளம் வைத்திருந்த என் அண்ணை ஆழ்வாப்பிள்ளைக்கு நாடகமென்றால் பைத்தியம். ராஜாவை வீட்டுக்குக் கூட்டிவந்து மீன்குழம்பு கொடுத்தார். குழம்பை ஊற்றியவள் பூரணம் என்ற நான். மூன்று மாதம் முடிந்து கம்பனி கப்பலேறியது, இவர் ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்று இந்த வயதில் விளக்கம் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அனுமதி முடிந்த ஆளைப் பொலிஸ் பிடித்தால் மறியலில் போட்டுப் பிறகு கப்பலில் ஏற்றிவிடும். அண்ணை இரண்டு நாள் யோசித்தார். அதற்கு முந்தின வருசத்துப் புயலில் அவருடைய வள்ளத்தில் போன கனகரத்தினம் என்ற இளந்தாரி கடலோடு போய்விட்டான். உடல் கிடைக்கவில்லை, மரணமும் பதியவில்லை. அவனுக்குத் தாய் தகப்பன் முன்னமே இல்லை. அவனுடைய பிறப்புப் பத்திரம் அண்ணையின் அலுமாரியில் கிடந்தது. அதை எடுத்து இவருடைய கையில் வைத்து, இன்றிலிருந்து நீர்தான் கனகரத்தினம், நாக்கு ஒருக்கால் புரண்டால் எல்லாரும் உள்ளுக்குத்தான் என்றார்.

அந்தப் பெயரில்தான் எனக்குத் தாலி ஏறியது. எங்களைத் தெரியாத இடமாகப் பார்த்து மருதனார்மடத்துக்கு வந்து, சந்தைக்குப் பக்கத்தில் வெற்றிலை புகையிலைக் கடை போட்டோம். நான் கதை பழக்கினேன். "ஆமா" என்றால் சோறு இல்லை, "ஓம்" என்றால்தான் சோறு. "வர்றேன்" என்று ஒருநாள் வாசலில் சொல்லிவிட்டார். அகப்பையால் போட்டேன் ஒன்று. மனுசன் தோளைத் தடவிக்கொண்டே, "வாறன், வாறன், வாறன்" என்று பத்துத்தரம் சொல்லிவிட்டுத்தான் படலையைத் திறந்தார். சும்மா சொல்லக்கூடாது, நடிகன் நடிகன்தான். ஒரு வருசத்தில் என்னைவிடச் சுத்தமாகக் கதைத்தார்.

கதை பழக்கலாம். சித்திராப் பறுவத்தை என்ன செய்வது?

எங்கள் பக்கத்தில் தாயை இழந்தவர்கள் சித்திரை மாதத்து முழுநிலவு நாளான பறுவத்தில் விரதம் பிடிப்பார்கள். கோயிலில் கதை படித்துக் கஞ்சி வார்ப்பார்கள். தாய் இருக்கிறவன் அந்த விரதத்தை நினைத்தும் பார்க்கமாட்டான். முதல் வருசமே பக்கத்து வளவுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்து, தாயில்லாத மனுசன் ஏன் விரதமில்லை என்று கேட்டாள். கனகரத்தினத்துக்குத் தாயில்லை என்று நாங்களே ஊருக்குச் சொல்லியிருந்தோம். பஞ்சநதத்தின் தாய் திருவையாற்றில் குத்துக்கல்லாக இருக்கிறார்.

"அம்மா உயிரோடை இருக்கேக்கை நான் எப்பிடி விரதம் பிடிக்கிறது, பூரணம்?" என்று கேட்டுக் குழந்தையாக அழுதார். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் வயிற்றில் அப்போது பிள்ளை. தோளில் துண்டைப் போட்டுக் கோயிலுக்குத் தள்ளிவிட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருசமும் போனார். அன்றைக்கு முழுவதும் என்னோடு கதைக்கமாட்டார்.

பிறந்தவள் ஞானாம்பிகை. அவளுக்கு எதையும் சொல்லவில்லை. இந்த நாட்டில் தகப்பன் பிரசையென்றால்தான் பிள்ளையும் பிரசை. தகப்பன் இந்தியாவிலிருந்து வந்து ஒளித்திருக்கிறவன் என்று ஒரு கடிதம் அரசாங்கக் கந்தோருக்குப் போனால் போதும், இங்கே பிறந்து இங்கே வளர்ந்த என் பிள்ளைக்கு நாடில்லை. அவளோ மூன்றாம் வகுப்பிலிருந்தே ரீச்சராக வரப்போகிறேன் என்று வாழைமரங்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள். அரசாங்க உத்தியோகத்துக்கு முதலில் கேட்பது பிரசாவுரிமையைத்தான்.

இவரால் மேடையை விட்டிருக்க முடியவில்லை. வட்டுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு சபை நாடகம் போட்டது. அதில் ஆரம்பித்து வலிகாமம் முழுக்க ராஜா ஆடினார். ஒளிக்கிற ஆளை மேடையில் ஏறி ஒருவரும் தேடமாட்டார்கள் என்று நானும் விட்டுவிட்டேன். எழுபதுகளில் எங்கள் ஆட்களே படமெடுக்கத் தொடங்கினார்கள். செபநாயகம் என்ற டைரக்டர் வந்து, இரண்டு காட்சிதான், ஊர்ப் பெரியவர் வேசம் என்றார். நான் வேண்டாமென்று ஒற்றைக்காலில் நின்றேன். இவர் ஒரு கிழமை சாப்பிடாமல் கிடந்தார். போய்த் தொலையுங்கோ என்றேன். படம் பத்து நாள்தான் ஓடியது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் இவருடைய முகம் உள்ளங்கை அளவில் வந்துவிட்டது.

எழுபத்தேழாம் ஆண்டு சித்திராப் பறுவத்தன்று மத்தியானம், இவர் கோயிலில் கஞ்சி குடித்துவிட்டு வந்து திருநீறு கலையாமல் உட்கார்ந்திருந்தார். மகள் தெல்லிப்பழையில் சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தாள். படலையில், ஊர்ப் பதிவெல்லாம் பார்க்கிற அரசாங்க ஆள் விதானையார் அருளம்பலம் சைக்கிளை நிறுத்தினார். அவருக்குப் பின்னால் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு வேட்டிக்காரர், கையில் ஒரு தகர டப்பாவும் அந்தப் பத்திரிகைத் துண்டும். முகத்தைப் பார்த்ததுமே எனக்கு ஆளை விளங்கிவிட்டது. அதே மூக்கு, அதே நெற்றி.

"அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டே அந்த மனுசன் வந்து இவருடைய காலைப் பிடித்துவிட்டார்.

பெயர் ஐயாறப்பன், தம்பி. யாரோ புடைவை யாவாரி கொண்டுபோன பத்திரிகையில் படத்தைக் கண்டு, விசா எடுத்துக் கப்பலில் வந்து, பத்திரிகைக் கந்தோரில் விசாரித்து, கடைசியில் விதானையாரிடம் வந்திருக்கிறார். அம்மாவுக்குக் கண் போய்விட்டதாம். தெருவில் செருப்புச் சத்தம் கேட்டால் இன்னும் தலையைத் தூக்கிப் பார்க்கிறாவாம். மூத்தவன் வந்து ஒருதரம் தொட்டால் போதும் என்கிறாவாம். இவ்வளவையும் காலைப் பிடித்தபடியே சொல்லி முடித்தார்.

விதானையார் கதிரையை இழுத்துப் போட்டு, இவருடைய முகத்துக்கு நேரே இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அடையாள அட்டைக்குப் படிவம் நிரப்பியபோதே எங்கள்மேல் அவருக்கு ஒரு கண்.

இவர் தம்பியின் கையைப் பிடித்துத் தூக்கினார். "எழும்புங்கோ தம்பி. நான் மயிலிட்டியிலை பிறந்த கடற்கரை ஆள். ஆளுக்கு ஆள் சாயல் இருக்கும்தானே" என்றார். குரல் ஆடவேயில்லை. ஆனால் தோளில் கிடந்த துண்டின் நுனி நடுங்கியதை நான் கண்டேன். இன்னும் ஒரு நிமிசம் போனால் விதானையாரும் கண்டிருப்பார். தம்பியோ விடுவதாயில்லை, காதைக் காட்டுகிறார், விரலைக் காட்டுகிறார், அண்ணே அண்ணே என்கிறார். இவருடைய கண் நிறையத் தொடங்கிவிட்டது.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"இண்டைக்கு இவர் தாய்க்கு விரதம். இப்பதான் கோயிலாலை வந்தவர்" என்றேன்.

தம்பிக்கு விளங்கவில்லை. விதானையாரே விளக்கினார். தாய் செத்தவர்கள் மட்டும் பிடிக்கிற விரதம், இந்த மனுசன் இருபது வருசமாகப் பிடிக்கிறதை ஊரே பார்த்திருக்கிறது என்றார். தம்பி இவருடைய நெற்றியிலிருந்த திருநீற்றைப் பார்த்தார். கன நேரம் பார்த்தார். பிறகு இரண்டு அடி பின்னால் போய்க் கைகூப்பினார்.

"மன்னிச்சுக்குங்க. எங்கம்மா உசுரோட இருக்கு. எங்கண்ணன் இப்படி ஒரு காரியத்தைச் செய்யவே மாட்டான்" என்றார்.

தேத்தண்ணி கொடுத்தேன், குடித்தார். புறப்படும்போது தகர டப்பாவைத் திறந்தார். அசோகா என்று அவர்கள் ஊர் இனிப்பு, பயற்றம்பருப்பும் நெய்யும் போட்டுக் கிண்டுவது. கண் தெரியாமல் அம்மாவே கிண்டியதாம். திருப்பிக் கொண்டுபோக மனம் வரவில்லை, நீங்களாவது சாப்பிடுங்கள் என்று நீட்டினார். அந்த இனிப்பைப் பற்றி இவர் எனக்குச் சொல்லாத நாளில்லை. ஒரு விரலால் வழித்து வாயில் வைத்தார். மென்றார். விழுங்கினார்.

"நல்லாயிருக்கு. உது என்ன பலகாரம் தம்பி?" என்று கேட்டார்.

நான் எத்தனையோ மேடையில் அவரைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு நடிப்பை நான் பார்த்ததில்லை, பார்க்கவும் வேண்டாம். விதானையார் தானும் இரண்டு விரல் வழித்துச் சாப்பிட்டு, நெய் தூக்கல் என்று சொல்லிவிட்டு, அந்த மனுசனைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவர் எங்களைச் சந்தேகமாகப் பார்த்ததேயில்லை.

அன்று பின்னேரம் இவர் ஒரேயொரு கேள்வி கேட்டார். "நீ ஏன் அதைச் சொன்னனீ?"

"பிள்ளைக்காக" என்றேன். உண்மைதான். ஆனாலும் என் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது எனக்கு.

ஆடி முடியும்போது ஒரு கடிதம் வந்தது. உறையில் திரு. கனகரத்தினம் அவர்களுக்கு என்று முத்து முத்தான எழுத்து. என்னை வாசிக்கச் சொன்னார். தங்கள் வீட்டு உபசாரத்தை மறக்கமாட்டேன் என்று தொடங்கியிருந்தது. படத்தில் இருப்பது மூத்தவன் இல்லை என்று சொன்னதும் அம்மா பேச்சை நிறுத்திவிட்டாளாம், பிறகு சாப்பாட்டையும் நிறுத்திவிட்டாளாம். போன மாதம் போய்விட்டாளாம். அண்ணனும் இனி இருக்கமாட்டான் என்று தீர்மானித்து, இரண்டு பேருக்கும் ஒரே நாளில் காவிரியில் எல்லாம் செய்து முடித்துவிட்டேன் என்று எழுதியிருந்தார். தங்களைப் பார்த்துப் பேசிய பிறகு எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை, அந்த நிம்மதியைத் தந்ததற்கு நன்றி என்று முடித்திருந்தார்.

இவர் அழவில்லை. எழும்பிப்போய்க் கண்ணாடிக்கு முன்னால் நின்று தலைமயிரைக் கோதினார். நாடகக்காரனுக்குத் தலைமயிர் எப்படியென்று உங்களுக்குத் தெரியும்தானே, கழுத்துவரைக்கும் சுருள் சுருளாக.

"மூத்த மகன் நான். மொட்டையாவது அடிக்கவேணும் பூரணம்."

"சந்தியிலை கேட்டால் ஆர் செத்தது எண்டு சொல்லுவியள்?" என்றேன். "கனகரத்தினத்தின்ரை தாய் எப்பவோ செத்துப்போச்சு."

அடுத்த நாள் காலை இவர் பஸ்ஸேறிச் செபநாயகத்தைத் தேடிப் போனார். அவர் இரண்டாவது படத்துக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தார். தலை மழிக்கிற வேசம் ஏதும் இருக்கிறதா என்று இவர் கேட்டாராம். டைரக்டர் திகைத்துப்போனாராம். நல்ல வேசத்துக்கு ஆட்கள் வந்து நிற்பார்கள், மொட்டைக்கு யார் வருவார்? ஒன்று இருக்கிறது, ஆனால் உங்களைப் போன்ற நடிகரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்றாராம். இந்தியாவிலிருந்து களவாக வந்த கோயில் சமையற்காரன். பகிடி வேசம். கதாநாயகனின் கூட்டாளி காணும்போதெல்லாம் மொட்டைத் தலையில் ஓங்கி அடிப்பான். இவர் ஓம் என்றிருக்கிறார். இந்தியத் தமிழில் இரண்டு வரி சொல்லிக்காட்டச் சொன்னார்களாம். மேடைக்காரர்கள் இங்கே இழுத்து இழுத்துச் சொல்வார்களே, தன் ஊர்ப் பேச்சையே அப்படிக் கெடுத்துச் சொன்னாராம். அச்சொட்டாக இருக்கிறது என்று செபநாயகம் கைகொடுத்தாராம்.

கீரிமலையில் மொட்டை அடித்தார். அம்பட்டனுக்குச் சினிமாவுக்கு என்று சொன்னார். கேணியில் இறங்கிக் கிழக்குப் பார்த்து மூன்றுதரம் முழுகியபோது உதடு அசைந்தது. எள்ளில்லை, தர்ப்பையில்லை, ஐயரில்லை. நான் கரையில் துவாயோடு நின்றேன். என்ன பெயர் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மகள் கண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா தேங்காய் மாதிரி இருக்கிறார் என்று தலையைத் தடவிப் பார்த்தாள். இவரும் குனிந்து காட்டினார்.

அடுத்த வருசம் படம் வந்தது. யாழ்ப்பாணத்தில் மத்தியானக் காட்சிக்கு மூவரும் போனோம். வரமாட்டேன் என்று நான் சொல்லிப் பார்த்தேன், மகள் விடவில்லை. ஆசிரியர் கலாசாலைக்கு அவளுக்கு இடம் கிடைத்த கிழமை அது. பத்திரங்களெல்லாம் சரியென்று கடிதம் வந்திருந்தது. தன் சிநேகிதிகள் நாலு பேரையும் கூட்டிவந்திருந்தாள், அவள் நடுவில், ஒருபக்கம் இவர், ஒருபக்கம் நான்.

முதல் அடி விழுந்தபோது தியேட்டரே அதிர்ந்தது. விசிலடித்தார்கள். இரண்டாவது அடிக்கு, கூட்டாளி கையை ஓங்கும்போதே சனம் சிரிக்கத் தொடங்கிவிட்டது. சமையற்காரன் தலையைத் தடவிக்கொண்டு, "அம்மாடி, வலிக்குதே" என்று இழுப்பான், அதற்கு இன்னும் சிரிப்பு. நான் இருளில் இவரைத் திரும்பிப் பார்த்தேன். நேரே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்காக மழித்த தலையில் அடி விழ விழ, ஒருதரமும் கண்ணை மூடவில்லை.

மகளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது. தாவணியால் துடைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள்.

"ஏனம்மா நீங்கள் சிரிக்கேல்லை? அப்பா எவ்வளவு நல்லாச் செய்யிறார்."

பக்கத்தில் சிநேகிதிகளும் என்னையே பார்த்தார்கள். திரையில் கை ஓங்கியது. நான் சிரித்தேன்.