மல்லிகை மணக்கிற கருவாடு

காய்ச்சல் வந்து போனதிலிருந்து என் வீட்டுக்காரர் தங்கதுரைக்கு மூக்கு குழம்பிக் கிடந்தது. சாம்பார் பினாயில் மாதிரி நாறுகிறது என்பார். பினாயில் ஊற்றிக் கழுவிய தரையில் நின்றுகொண்டு, "யாரு வீட்டுல அல்வா கிண்டுதாவ?" என்று கேட்பார். தூத்துக்குடி மில்லர்புரத்தில் எங்கள் பலசரக்குக் கடைக்கு வருகிறவர்களெல்லாம் அவர் மூக்குக்கு நேரே எதையாவது நீட்டி வேடிக்கை பார்த்தார்கள். போகப் போகச் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் நானும் சேர்ந்து சிரித்தேன்.

சிரிக்க முடியாத சங்கதி ஒன்றும் இருந்தது. மனுஷன் என் பக்கத்தில் உட்காருவதில்லை. நான் டிவி முன்னால் உட்கார்ந்தால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் போய்விடுவார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் எவ்வளவு சண்டை போட்டாலும் தள்ளி உட்கார்ந்தவரில்லை. நான் ரோஷக்காரி, வாய் திறந்து கேட்பேனா? ஒரு முழம் மல்லிகைப்பூவை இரண்டு முழமாக்கி வைத்துக்கொண்டேன். நாற்காலி தெருவுக்கே போய்விட்டது. அன்றைக்கு அடுப்படியில் நின்று அழுதேன். என்னைப் பிடிக்காமல் போய்விட்டதோ என்று பயந்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் கடை வாடிக்கைக்காரர் ஆன்டனி மகளுக்குப் புன்னைக்காயலில் கல்யாணம். கோயிலில் பூசை முடிந்து, சாப்பிட்டுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தோம். கரையோரம் கருவாடு காயப்போட்டிருந்தார்கள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு விறுவிறுவென்று கடந்தேன். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். கருவாட்டுக்கு நடுவே கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

"அங்கன என்ன செய்யுதீய? பஸ்ஸு போயிரும்!"

"ஏளா, நம்ம கல்யாணம்..."

"கல்யாணந்தான் முடிஞ்சு சாப்பிட்டாச்சே, வாங்க."

"ஆன்டனி வீட்டுக் கல்யாணம் இல்லளா. நம்ம கல்யாணம். உன்னப் பந்தல்ல கொண்டாந்து உக்கார வச்சப்ப வந்துச்சுல்லா ஒரு மல்லியப்பூ வாசம், அது அப்படியே வருது. நீ குனிஞ்சே இருந்த. ஜிமிக்கி மட்டும் ஆடிக்கிட்டே இருந்துச்சு. எல்லாந் தெரியுது. இத்தன நாளா நெனச்சு நெனச்சுப் பாத்தும் வரல."

எனக்குப் பொறி தட்டியது. "அப்ப என் தலையில இருக்கது?"

"கோவப்படாத. மண்ணெண்ண."

"அடப்பாவி மனுசா! சொல்லித் தொலச்சா என்ன?"

"பொண்டாட்டிகிட்டப் போயி, நீ மண்ணெண்ணயா நாறுதன்னு எவனாவது சொல்லிட்டு உசுரோட இருப்பானா?"

கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. தலையிலிருந்த பூவை உருவி, கருவாடு விற்றுக்கொண்டிருந்த பெண்ணின் கொண்டையில் வைத்துவிட்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பெரிதாக ஒரு சீலாக் கருவாட்டைப் பொறுக்கி, காசோடு அவளிடம் நீட்டினேன்.

"காயிதத்துல நல்லாச் சுத்தித் தாரேங்க்கா, பஸ்ஸுல வாடை வராது," என்றாள்.

"சுத்தாத தாயி. தொறந்தே தா."

பஸ்ஸில் கருவாட்டை மடியில் வைத்துக்கொண்டேன். அவர் வந்து ஒட்டி உட்கார்ந்தார், தோளோடு தோள் இடிக்க. வண்டி கிளம்பியதும் முன் சீட்டு அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள். பின் சீட்டும் காலி. "நல்லா இருப்பீய, அத மேல ஏத்தக் கூடாதா?" என்று கண்டக்டர் தூரத்தில் நின்றே டிக்கெட்டை நீட்டினார். நான் அசையவில்லை.

சுற்றிலும் காலியான சீட்டுகளை அவர் ஒரு பார்வை பார்த்தார். "அன்னைக்கும் இப்படித்தாம்ளா. ராத்திரி பாய விரிச்சுப் போட்டுட்டு ஒவ்வொருத்தரா நைசா நழுவிட்டாவ," என்றார்.

"மெதுவாப் பேசுங்க, கிழவா," என்றேன்.

தூத்துக்குடி வரும்வரை நான் ஜன்னலைத் திறக்கவேயில்லை.