நல்ல பேட்டரி

தானா ராத்தா டவுனில் இருந்த இரும்புச் சாமான் கடையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். உள்ளங்கைக்கு ஒன்றாக இரண்டு பேட்டரிகளை வைத்துக்கொண்டு பாஞ்சாலை நின்றிருந்தாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் நகரவில்லை.

"இதுல ஒம்பதாயிரத்துத் தொள்ளாயிரம்னு போட்டிருக்கு. அதுல மூவாயிரந்தான். பெரிய நம்பருதானே ரொம்ப நேரம் எரியும்?" என்றான் அவள் கணவன் யோகேந்திரன். கோலா தெர்லாவில் காய்கறி லோரி ஓட்டுகிறவன். போனில் ஆர்டர் போட்டு அவளுக்கு டார்ச்லைட் வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். அதோடு வந்த பேட்டரியிலும் இதே பெரிய நம்பர்தான். விடியுமுன் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து இறங்கினால், முனியாண்டி கோயில் வளைவுக்குள் அது செத்துவிடும். அதற்குப் பிறகு பக்கத்து வீட்டு ருக்குமணியின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் பெரட்டுக்களத்துக்கு இறங்குவாள். அங்கேதான் கிராணி பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்.

பாஞ்சாலைக்கு இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது. ஆபரேசனுக்குத் தீபாவளி கழித்துத்தான் தேதி. அதுவரை கிராணி காதுக்கு எட்டக்கூடாது. கண் தெரியாத ஆளைச் சரிவில் ஏற்றமாட்டார்கள். வேலை போனால் லயத்து வீடும் போகும். பகல் வெளிச்சத்தில் எப்படியோ கொழுந்து வெட்டிவிடுவாள். இருட்டுதான் அவளுக்குப் பகை.

"இது கனமே இல்லங்க. வெத்துக் கூடையத் தூக்குன மாதிரி இருக்கு. மூவாயிரந்தான் கனக்குது."

கடைக்காரச் சீனருக்குத் தமிழ் நன்றாக வரும். "அக்கா கை கரெக்ட் லா. பெரிய நம்பர் எல்லாம் சும்மா போடுறது. இத எடு, விடிஞ்சாலும் எரியும்," என்றார். கனமானதை அவள் கொண்டுவந்த லைட்டில் போட்டுக் காட்டினார். "ஒருக்கா அமுக்குனா பெருசு. இன்னொருக்கா அமுக்குனா சின்னது. மூணாவதுதான் ஆஃப்."

"என்னா தவுக்கே, ஆன வில குதிர வில சொல்றீங்க?" என்றான் யோகேந்திரன், முதலாளி சொன்ன விலையைக் கேட்டு.

"கண்ண விடவா வில? குடுத்துட்டு வாங்க," என்றாள் பாஞ்சாலை.

மறுநாள் பனி இறங்கியிருந்தது. வெளிச்சம் படிக்கட்டு முழுக்கப் பரவியது. வழுக்குக் கல், ஓடை, வாய்க்கால் பலகை எல்லாம் அவளுக்குத் தெரிந்தன. கோயில் வளைவைத் தாண்டியும் லைட் மங்கவில்லை. யார் தோளையும் பிடிக்காமல் அவளே முன்னால் நடந்தாள்.

"என்னக்கா, மாப்பிள ஊர்வலமா? எங்களுக்கும் சேத்துக் காட்டு," என்றாள் ருக்குமணி.

பாஞ்சாலைக்குச் சிரிப்பு வந்தது. எத்தனை நாளாயிற்று இப்படி நடந்து. தீபாவளி என்ன பெரிய தூரம், ஓட்டிவிடலாம் என்று நினைத்தாள்.

களத்துக்கு வந்தபோது பலபலவென்று விடிந்துவிட்டது. மற்றவர்கள் லைட்டை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டார்கள். பழைய பேட்டரி வழியிலேயே செத்துவிடும் என்பதால் பாஞ்சாலைக்கு அணைக்கிற பழக்கமே விட்டுப்போயிருந்தது. பனியும் விடியலும் அவள் கண்ணுக்கு ஒரே வெள்ளை.

"பாஞ்சாலை," என்று கூப்பிட்டார் கிராணி மகேன்.

"வந்தேன் சார்."

"லைட்ட ஆஃப் பண்ணுங்கக்கா. விடிஞ்சிருச்சு லா."

அவள் அவசரமாக ஒருமுறை அமுக்கினாள். வெளிச்சம் சின்னதாயிற்று.

"பண்ணிட்டேன் சார்."

யாரோ ஒருத்தி சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டாள். ருக்குமணி கை நீட்டுவதற்குள் மகேன் அருகே வந்துவிட்டார். லைட்டைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"இப்ப எரியுதா, இல்லையாக்கா?"

பாஞ்சாலை அதை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். அதே வெள்ளைதான் தெரிந்தது. யாராவது சொல்லமாட்டார்களா என்று காத்திருந்தாள்.

"இல்ல சார்," என்றாள்.

மகேன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீங்க இன்னிக்கி மேல போக வேணாம். ஆபீஸ்ல துரையப் பாத்துட்டுப் போங்க."

ஆட்களை ஏற்றிக்கொண்டு லோரி கிளம்பியது. ருக்குமணி பின்கம்பியைப் பிடித்தபடி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். பாஞ்சாலை கூடையை இறக்கிவைத்துவிட்டு ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தாள். வெயில் ஏறிப் பனி கலைந்தது. துரை வர மதியமாகிவிட்டது. அதுவரை அவள் மடியில் கிடந்த லைட் எரிந்துகொண்டே இருந்தது.