எதையும் இழுக்க மாட்டேன்

1993ஆம் ஆண்டு ஐப்பசி மழையின்போது, ஆவடியில் தொழிற்சாலை ஊழியர்களுக்கான ஒரு மருத்துவமனை, மூச்சிழுப்புக்காரர்களை வார்டில் படுக்கவைப்பதை வெகுவாகக் குறைத்துக்கொண்டது.

அதுவரை வழக்கம் வேறு. மழை பிடித்ததும் தொழிற்சாலை கேன்டீனில் டீ போடும் வேலுசாமிக்கு நெஞ்சு கட்டிக்கொள்ளும். மருத்துவமனையில் சேர்ப்பார்கள். கையில் சலைன் ஏறும், நரம்பில் மெல்ல மெல்ல ஊசி இறங்கும், தலைமாட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் நிற்கும். இரண்டு வாரமோ மூன்று வாரமோ, அவர் மனைவி பார்வதம் கட்டிலுக்கு அடியில் பாயை விரித்துக்கொண்டு கூடவே கிடப்பாள். எந்தக் குழாயில் தண்ணீர் வரும், எந்த ஆயா எதற்குக் கோபித்துக்கொள்வாள் என்பதெல்லாம் அவளுக்குத் தன் வீட்டைப் போலப் பழக்கம்.

இந்த வருடம் அவளால் அப்படிப் போய்க் கிடக்க முடியாது. மகள் புஷ்பா தலைப்பிரசவத்துக்குப் பருத்திப்பட்டில் இருந்த அவர்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கார்த்திகையில் நாள். புஷ்பாவுக்கு மாமியார் கிடையாது, நாத்தனார் கிடையாது. பார்வதத்தை விட்டால் பக்கத்தில் நிற்க ஆளில்லை. முதல் மழை விழுந்ததிலிருந்தே பார்வதம் புருஷனின் மூச்சையும் மகளின் வயிற்றையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பயந்தபடியே வேலுசாமிக்கு மூச்சு வாங்கியது. ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனாள். கட்டில் கொடுக்கவில்லை. முகத்தில் ஒரு மூடியை மாட்டி, சின்ன மெஷினிலிருந்து பனிப்புகை மாதிரி மருந்தை விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் வேலுசாமி எழுந்து உட்கார்ந்து, "ஒரு டீ கெடைக்குமா?" என்றார்.

"இப்பல்லாம் படுக்கப் போடறதில்லம்மா," என்றார் டாக்டர். "தினமும் வீட்லயே மருந்து எடுத்துக்கிட்டா இந்த அளவுக்கு வராது."

பார்வதத்துக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. வனஜா சிஸ்டர் ஒரு பிளாஸ்டிக் குழலையும் ஒரு டப்பா கேப்ஸ்யூலையும் கொண்டுவந்து, குழலில் எப்படிப் போடுவது, எப்படித் திருகுவது என்று காட்டினாள். "இப்படி வாயில வெச்சு, பீடி இழுப்பீங்கல்ல, அந்த மாதிரி ஒரே இழுப்பா இழுக்கணும்."

பார்வதத்தின் முகம் மாறிவிட்டது.

காரணம் உண்டு. வேலுசாமி ஒரு காலத்தில் கட்டுக் கட்டாகப் பீடி குடித்தவர். இனி பீடி தொட மாட்டேன் என்று ஏரிக்கரை எல்லம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார். சத்தியத்தை மீறவும் இல்லை, சுருட்டுக்கு மாறிக்கொண்டார். கேட்டதற்கு, "நா பீடின்னுதானமே சொன்னேன்?" என்று சிரித்தார். பார்வதம் மறுபடி அவரைக் கோயிலுக்கு இழுத்துப் போனாள். இந்த முறை வாசகத்தை அவளே சொல்லிக்கொடுத்தாள்: "இனிமே வாயில வெச்சு எதையும் இழுக்க மாட்டேன். மீறினா ஏம் புள்ளைங்களத்தான் கேக்கணும்." சந்து பொந்தெல்லாம் அடைத்துவிட்ட திருப்தி அவளுக்கு. அவரும் அதன்பிறகு எதையும் வாயில் வைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பார்வதம் குழலை அலமாரியின் மேல்தட்டில் போட்டுவிட்டு, ஒரு கேப்ஸ்யூலையும் ஒரு டம்ளர் வெந்நீரையும் நீட்டினாள்.

"சிஸ்டர் இழுக்கச் சொல்லிச்சேமே?"

"சிஸ்டருக்கு இன்னா தெரியும், நீ கற்பூரம் அணைச்ச கதை? மருந்து உள்ள போவணும், அவ்ளோதான? எந்த வழியா போனா இன்னா? முழுங்கு."

புஷ்பா சுவரில் சாய்ந்தபடி சிரித்தாள். "அம்மா, அது மருந்துமா. பீடியா அது?"

"வயித்துப் புள்ளக்காரி, நீ வாய மூடு. சாமி காரியம்."

வேலுசாமி காலையும் மாலையும் ஒழுங்காக விழுங்கினார். மூச்சு குறையவில்லை. ராத்திரியில் தலையணையை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்தே தூங்கினார். குழாயடியிலிருந்து ஒரு குடம் தூக்கி வருவதற்குள் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கார்த்திகை பிறப்பதற்குள் மறுபடி ஆட்டோ பிடிக்க வேண்டியதாயிற்று.

மெஷின் மருந்து முடிந்ததும் வனஜா சிஸ்டர் கேட்டாள். "வீட்ல எப்படி எடுத்துக்கிறீங்க? செஞ்சு காட்டுங்க."

வேலுசாமி ஒரு கேப்ஸ்யூலை வாயில் போட்டுக்கொண்டு, "தண்ணி?" என்றார்.

சிஸ்டர் தலையில் கைவைத்துக்கொண்டாள். "அய்யோ, இது நெஞ்சுக்குப் போற பவுடர்ங்க! வயித்துக்குப் போய் என்னா செய்யும்? யாரு முழுங்கச் சொன்னது?"

"நாந்தான் அவசரத்துல..." என்று வேலுசாமி பார்வதத்தைப் பார்க்காமல் சொன்னார்.

டாக்டர் திட்டவில்லை. இன்னொரு முறை இப்படி வந்தால் வார்டில் சேர்த்தே ஆகவேண்டும், கூட ஒரு ஆள் இருந்தாகவேண்டும் என்று மட்டும் சொன்னார்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் பார்வதம் கேட்டாள். "எம்மேல பழிய போட வேண்டியதுதான? இன்னாத்துக்கு பொய் சொன்ன?"

"உட்டுத் தள்ளு. ஆஸ்பத்திரில எனக்கு மானம் மருவாதி இன்னா கீது? ஒனக்குத்தான் ஆயாவுலருந்து அல்லாரும் சினேகிதம்."

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "யோவ், நீ அத்த இழுத்துத்தான் ஆவணும்."

"வேணாம்மே." மூச்சுக்கு ஒரு வார்த்தையாகச் சொன்னார். "புள்ளைங்களக் கேக்கணும்னு சொல்லிகீறேன். புஷ்பா இந்த நெலமைல கீறா. நா நல்லா மூச்சு உட்டுகினு, அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா? வார்டுல சேத்துடு. நா தனியா கெடக்குறேன்."

"தனியா கெடப்பியா? தண்ணி கேக்கக்கூட மூச்சு இருக்காது ஒனக்கு."

பஸ் வந்ததும் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார்.

மறுநாள் காலை தூறலில் பார்வதம் எல்லம்மன் கோயிலுக்குப் போனாள். அம்மனிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஏரியின் பக்கமாகத் திரும்பி நின்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு கற்பூரத்தைத் தரையில் வைத்துக் கொளுத்தினாள்.

"அம்மா, அந்த வாசகம் நான் போட்டது. அந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியாது. சொல்லுன்னேன், சொன்னாரு. பொகைன்னு சொல்லியிருக்கணும். எதையும்னு சொல்லிட்டேன். இப்டி ஒரு மருந்து வரும்னு எனக்கு இன்னா தெரியும்? நீயாச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இனிமே பொகைன்னு மட்டும் வெச்சுக்க. கேக்கணும்னா என்னக் கேளு. எம் பொண்ணாண்ட போவாத."

உள்ளங்கையால் கற்பூரத்தை அடித்து அணைத்தாள். சுட்டது. அம்மன் என்ன நினைத்தாள் என்பது அவளுக்குத் தெரியவில்லை. பூக்கட்டிப் பார்க்கலாமா என்று ஒரு கணம் யோசித்தாள்; பாதகமாக வந்துவிட்டால் என்ன செய்வது என்று விட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்து, குழலை எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். கேப்ஸ்யூலைப் போட்டுத் திருகி அவர் வாயருகில் கொண்டுபோனாள். "மாத்தி எழுதிகினு வந்துட்டேன். இழு."

"இன்னாத்த மாத்தின?"

"அது எனக்கும் அவளுக்கும். நீ இழு."

வேலுசாமி மகளைப் பார்த்தார். புஷ்பா, "இழுப்பா. என் புள்ளைக்குத் தாத்தா வேணும்," என்றாள்.

அவர் கூச்சத்தோடு, உதட்டு நுனியால், முத்தம் கொடுப்பவர் மாதிரி இழுத்தார். பவுடர் நாக்கிலேயே ஒட்டிக்கொண்டது. இருமினார்.

"இன்னாய்யா இழுக்கிற, காய்ச்சக்காரன் கஞ்சி குடிக்கிற மாதிரி?" பார்வதத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "கேன்டீன் பின்னால நின்னுகினு பீடி இழுப்பியே, கன்னம் ரெண்டும் ஒட்டிப்போவுமே, அப்டி இழு. இழுத்துட்டு வெளிய உடாம கண்ண மூடிகினு சொகமா நிப்பியே, அப்டி நில்லு."

"நீ அதெல்லாம் பாத்துகினா இருந்த?"

"பேசாத. இழு."

வேலுசாமி கண்ணை மூடினார். கன்னங்கள் குழிந்தன. குழலுக்குள் கேப்ஸ்யூல் கிடுகிடுவென்று ஆடியது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பார்வதம் அவர் முதுகில் சூடுபட்ட கையை வைத்தபடி, தன் மூச்சையும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உடு," என்றாள். அவர் விட்டார்.

அன்றிலிருந்து காலையும் மாலையும் அவளே போட்டுத் திருகிக் கொடுத்தாள்.

கார்த்திகைக் கடைசியில் புஷ்பாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவ வார்டில் பார்வதம் கூட இருந்தாள். வேலுசாமி வீட்டில் சோறு வடித்து, தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். அந்த மழைக்காலத்தில் அவரை வார்டில் சேர்க்கவில்லை.