ஸ்பெஷல் இன்டென்ஷன்

திண்டிவனத்தை அடுத்த பிரம்மதேசத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் கருத்து வாசிப்பவர் உபதேசியார் சவுரிராயன். யார், எதற்காகப் பூசை வைக்கிறார்கள் என்று மைக்கில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. அவ்வளவோடு விடுகிற ஆளா அவர்? மாடு நல்லபடியாகக் கன்று போட வேண்டும் என்று ஒருவர் பூசை வைத்தால், அது எந்த மாடு, போன கன்று ஏன் செத்தது என்பதுவரை சேர்த்துத்தான் வாசிப்பார். பிரசங்கத்தில் தூங்குகிறவர்கள்கூடக் கருத்து வாசிக்கும்போது விழித்திருப்பார்கள்.

அந்த ஞாயிறு, திண்டிவனத்திலிருந்து பூசைக்கு வந்த சாமியார் கடைசியாக ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். "ஜெயம், ஸ்பெஷல் இன்டென்ஷன். அவ்வளவுதான் வாசிங்க."

ஜெயம் சவுரிராயனின் மனைவி. என்ன இன்டென்ஷன் என்று சவுரிராயன் கேட்டார். அது அந்தம்மாவுக்கும் ஆண்டவருக்கும் நடுவில் உள்ளது என்று சொல்லிவிட்டு சாமியார் உடுப்பு மாட்டப் போய்விட்டார். சவுரிராயன் வேறு வழியில்லாமல் வாசித்தார். பெண்கள் பக்கத்தில் அத்தனை தலையும் ஜெயத்தைப் பார்த்துத் திரும்பியது. அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முழங்காலில் இருந்தாள்.

பூசை முடிந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். தெரியாது என்றார். சத்தியமாகவே தெரியாது. ஒருவரும் நம்பவில்லை. ஊரார் வேண்டுதலையெல்லாம் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துச் சொல்கிற மனுஷனுக்குத் தன் பெண்டாட்டியின் வேண்டுதல் தெரியாதாமா? எதிர்வீட்டு ரோஜா முகத்துக்கு நேராகவே சிரித்தாள். வீட்டுக்கு வந்து ஜெயத்திடம் கேட்டதற்கு, குழம்பு ஆறுகிறது, சாப்பிடு என்று சொல்லிவிட்டாள்.

ஷேர் ஆட்டோ ஓட்டுகிற அலெக்ஸிடம் அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்டார். நோக்கம் என்று அர்த்தம், பர்பஸ் மாதிரிதான் என்றான் அவன். மனசு கொஞ்சம் ஆறியது. அதைக் கெடுத்தவர் சகாயராஜ். வரப்புத் தகராறில் விழுப்புரம் கோர்ட்டுக்கு அலைந்தவர் அவர். அங்கே வக்கீல் அந்த வார்த்தையைத்தான் அடிக்கடி சொல்வாராம், இன்டென்ஷனோடு அடித்தான், இன்டென்ஷனோடு வெட்டினான் என்று. அதற்கப்புறம் சவுரிராயனுக்குச் சோறு இறங்கவில்லை. ஜெயம் தன்மேல்தான் ஏதோ பிராது வைத்திருக்கிறாள் என்று தோன்றிவிட்டது.

தோன்றக் காரணமும் இருந்தது. ஒரே மகள் அமலா, விழுப்புரத்தில் இங்கிலீஷ் டீச்சர். முந்தின வருஷம் மாதா திருவிழாவுக்கு மாமியார் வீட்டாரோடு வந்திருந்தாள். அன்றைக்கு இவர், "எனது மகள் அமலாவுக்குக் குழந்தை வரம் வேண்டி" என்று மைக்கில் வாசித்துவிட்டார். கோபுரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் அதைப் பக்கத்து ஊர்வரை கொண்டுபோனது. சாப்பிடாமல் கிளம்பிய அமலா அதன்பிறகு வரவே இல்லை. மகளுக்காக வேண்டிக்கொண்டது ஒரு குற்றமா என்று இவரும் முறுக்கிக்கொண்டு அவளைப் பார்க்கப் போகவில்லை. அன்றிலிருந்து ஜெயமும் இவரிடம் அளந்துதான் பேசினாள்.

மறுநாள் விழுப்புரம் பஸ் ஏறினார். வார்த்தைக்கு அர்த்தம் கேட்கத்தான் போகிறேன், வேறொன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கதவைத் திறந்த அமலாவுக்கு வயிறு நன்றாக மேடிட்டிருந்தது. உள்ளே அலமாரியில் ஜெயத்தின் தூக்குச்சட்டி. திண்டிவனம் சந்தைக்கு என்று அவள் கிளம்பிப் போனதெல்லாம் இங்கேதான் போலிருக்கிறது. சவுரிராயன் நாற்காலியில் உட்கார்ந்தார். சந்தோஷமும் அவமானமும் ஒன்றாக வந்தன. கடைசியில் வாயில் வந்தது அந்தக் கேள்விதான். இன்டென்ஷன் என்றால் என்ன?

அமலா வகுப்பில் சொல்வதுபோலவே சொன்னாள்.

"சாக்பீஸ் எதுக்கு? எழுதறதுக்கு. அது அதோட பர்பஸ். ஆனா சாக்பீஸுக்கு இன்டென்ஷன் கெடையாதுப்பா. அது மனுஷன் மனசுல இருக்கறது. அவங்களா சொன்னாதான் வெளிய தெரியணும்."

"நான் உனக்கோசரம் வேண்டிக்கினுதானே சொன்னேன்" என்றார்.

"தெரியும். உன் இன்டென்ஷன் நல்லதுதான். ஆனா அன்னிக்கு என் மாமியா பார்த்த பார்வைய நீ பாக்கல." தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினாள். "தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வாடின்னு அம்மா கெஞ்சிக்கினு இருக்குது. நான்தான் மாட்டேன்னுட்டேன். இதுக்காவது மைக் வேணாம்ப்பா."

அவர் செம்பை எடுத்து முழுக்கக் குடித்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தெரிந்த முகங்கள் இருந்தன. தாத்தாவாகப் போகிறேன் என்று யாரிடமாவது சொல்லிவிட வாய் அரித்தது. வறுத்த மல்லாட்டை வாங்கி, ஊர் வரும்வரை ஒவ்வொரு கடலையாக வாயில் போட்டுக்கொண்டே வந்தார். வீட்டில் ஜெயம் எங்கே போனாய் என்று கேட்டாள். அமலா போனில் சொல்லியிருப்பாள் என்பது அவருக்குத் தெரியாதா? இருந்தாலும், சும்மா திண்டிவனம் வரைக்கும் என்றார். அவளும் மேலே கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறும் அதே கருத்து. "ஜெயம். ஸ்பெஷல் இன்டென்ஷன்" என்று வாசித்தார். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. மைக்கை அணைத்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார்.

வாசலில் ரோஜா மடக்கினாள். இந்த வாரமாவது தெரிந்துகொண்டீர்களா என்று கேட்டாள். சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. ஜெயம் இரண்டடி பின்னால் செருப்பைத் தேடுவதுபோல நின்றாள்.

"அது எனக்கு எங்க சொல்லுதும்மா?" என்றார் சவுரிராயன். "ஒண்ணும் தெரியாது."

உடனே நம்பினார்கள். பாவம், வீட்டில் இவருக்கு அவ்வளவுதான் மரியாதை என்று ஆளுக்கொரு பக்கம் கலைந்து போனார்கள். போன வாரம் உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்ட மனுஷன், இந்த வாரம் தலையைக் குனிந்துகொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

ஜெயம் முக்காட்டைக்கூட எடுக்காமல் போனை எடுத்தாள்.

"அமலா, பொறப்பட்டு வாடி" என்றாள். "உங்கப்பாரு பொய் சொல்லக் கத்துக்கினாரு."