துணைக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி

தன் குடும்பம் ஒரு பிழையும் இல்லாமல் தேறிவிட்டது என்று கணினி சொன்னபோதுதான் ஜெசிந்தா மேரிக்குச் சந்தேகம் வந்தது. தேறியிருக்கக் கூடாது. அந்த டி.டி.டி.யை அவள் நன்றாகப் படித்திருந்தாள். அதன்படி பார்த்தால் அவளுடைய குடும்பம் ஒரு குடும்பமே இல்லை.

வில்லியனூர் கடைத்தெருவில் சிமெண்ட் கடைக்கு மேல்மாடியில் அருண் சேவியர் நடத்தும் சின்ன டைப்பிங் யூனிட்டில் அவளுக்கு வேலை. பங்குக் கோயிலின் நூற்றாண்டு மலர் வேலை வந்திருந்தது. பங்கில், அதாவது அந்தக் கோயிலைச் சேர்ந்த வட்டாரத்தில், உள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் எக்ஸ்.எம்.எல். கோப்பு, அதிலிருந்து புத்தகமும் வரும், போனில் பார்க்கிற ஆப்பும் வரும். எந்தக் கோப்பில் எது எந்த வரிசையில் இருக்க வேண்டும் என்று சொல்லும் விதிப்பக்கம்தான் டி.டி.டி. கோப்பை அதோடு ஒப்பிட்டுப் பார்த்து, சரி, தப்பு என்று கணினி சொல்லிவிடும். உள்ளே எழுதியிருப்பது நிஜமா பொய்யா என்றெல்லாம் அது கேட்காது. பாத்திரம் வரிசையாக இருக்கிறதா என்று பார்க்குமே தவிர, பாத்திரத்தில் இருப்பது சோறா மண்ணா என்று அதற்குக் கவலையில்லை.

குடும்பம் (தலைவர், துணை, பிள்ளை*). விதி அவ்வளவுதான். முதலில் ஒரு தலைவர், அடுத்து அவருக்கு ஒரு துணை, அதன் பிறகு பிள்ளைகள். ஜெசிந்தாவுக்கு எட்டு வயதில் செலின் இருக்கிறாள். துணை இல்லை. செலினுடைய அப்பா, பிரெஞ்சு குடியுரிமை உள்ள டவுன் வீட்டுப் பையன், பேப்பர் வேலை முடிந்ததும் கூட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினான். போனவன் போனவன்தான். பேப்பர் வேலை இன்னும் முடியவில்லை போலிருக்கிறது.

கோப்பைத் திறந்தாள். தலைவர், மரியசுந்தரம். துணை, மறைந்த ஆனி மேரி. பிள்ளை, ஜெசிந்தா மேரி. பிள்ளை, செலின் மேரி.

இன்னொரு முறை படித்தாள். வரிசை சரி, எழுத்து சரி, எல்லாம் சரி. தன் வயிற்றில் பிறந்தவள் தனக்குத் தங்கையாகியிருந்தாள், அவ்வளவுதான். அப்பா கோயிலின் பங்குப் பேரவையில் இருப்பவர். விவரம் கொடுத்தது அவர்தான். மறைப்பதற்கு அவருக்கு இப்படி ஒரு வழி தோன்றியிருக்கிறது. ஜெசிந்தாவுக்குக் கோபத்தில் காது சுட்டது. நாளைக்குக் கோப்புகள் அச்சகத்துக்குப் போகும். செலின் வளர்ந்து ஒருநாள் அந்தப் புத்தகத்தை எடுத்துப் புரட்டுவாள்.

ஆனாலும் கோபத்தைவிட இன்னொன்று அவளைப் பிடித்து இழுத்தது. சேராத ஒரு குடும்பம் இப்படி நுழைந்திருக்கிறது என்றால் மற்றவர்கள் எப்படி நுழைந்தார்கள்? ஒவ்வொன்றாகத் திறக்க ஆரம்பித்தாள். கல்யாணமே செய்துகொள்ளாத டேனியல் சாருக்குத் துணை இருந்தது. கிட்டப் பார்த்தால் அது ஒரு புள்ளி. பெயரில்லை, ஊரில்லை, வெறும் முற்றுப்புள்ளி. காலியாக விட்டால் கணினி ஏற்காது என்று ஆபரேட்டர் பாக்யராஜ் ஒன்றை வைத்துவிட்டிருக்கிறான், கணினியும் தலையை ஆட்டிவிட்டது. இன்னொரு வீட்டில் செத்துப் பல வருஷமானவர் இன்னும் தலைவராக உட்கார்ந்திருந்தார். வீட்டைத் தாங்குகிற விதவை அவருக்குத் துணை. ஜெசிந்தா ஒன்பது வருஷமாக இந்த வேலை பார்க்கிறாள். பிழை இல்லை என்ற வரிக்குப் பின்னால் இத்தனை பேர் பதுங்கியிருக்க முடியும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அருண் சேவியர் டீ வாங்கிக்கொண்டு படியேறி வந்தான்.

"அண்ணா, டி.டி.டி.ல கை வெக்கலாமா?"

பீடத்தை நகர்த்தி வைக்கலாமா என்று கேட்டதுபோல அவன் அவளைப் பார்த்தான். இருவரும் முன்பு டவுனில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். அங்கே டி.டி.டி. வெளிநாட்டிலிருந்து வரும். கோப்பைத்தான் திருத்த வேண்டும், விதியை அல்ல. அதைத் தொட்டவனுக்கு மறுநாள் நாற்காலி இருக்காது. இந்த டி.டி.டி.யை எழுதியது அருணே என்றாலும் அந்தப் பயம் போகவில்லை.

"இன்னா ஜெசி, இன்னிக்கி வந்து கேக்குற. எல்லாம் பாஸ் ஆயிடுச்சுல்ல?"

"ஆயிடுச்சு. என் பொண்ணு எனக்குத் தங்கச்சியா பாஸ் ஆயிக்கிறா."

அவன் குனிந்து திரையைப் பார்த்தான். பிறகு, "உங்கப்பா குடுத்ததுதான. நாம இன்னா பண்றது" என்றான்.

"பிள்ளைக்குப் பக்கத்துல இன்னாத்துக்கு நட்சத்திரம் போட்ட? பிளஸ் போட்டிருக்கலாம்ல?"

அது அவனுக்கு மட்டும் புரிகிற கேள்வி. கூட்டல் குறி போட்டிருந்தால் ஒரு பிள்ளையாவது இருந்தால்தான் குடும்பம். நட்சத்திரம் போட்டால் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம், ஒன்றுகூட இல்லாமலும் இருக்கலாம். அருணுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். அவனும் அவன் மனைவியும் வேளாங்கண்ணிக்கு நடந்தே போய்வந்தவர்கள்.

அருண் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான். அது ஏற்கனவே ஆறிப்போயிருந்தது.

"ஒண்ணாவது இருக்கணும்னு போட கை வரல, ஜெசி."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. துணையைக் கட்டாயமாக்கியதற்காக அவன் பேரில் இருந்த வருத்தமும் அந்த நிமிஷத்தோடு போயிற்று. அவரவருக்கு வலிக்கிற பக்கத்தில்தான் கதவு வைக்கத் தோன்றுகிறது. மற்ற பக்கம் சுவர் இருப்பது கண்ணில் படுவதில்லை. அருண் கீபோர்டை அவள் பக்கம் தள்ளினான்.

துணை என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அவள் ஒரு கேள்விக்குறியைத் தட்டினாள். அந்த விதிப்பக்கத்தில் அது கேள்வி கேட்கிற குறி அல்ல. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று அர்த்தம். ஒற்றைக் குறிதான், ஆனால் தட்டிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு எல்லாக் கோப்புகளையும் மறுபடி ஓட்டினாள். ஒன்றுகூட விழவில்லை. யாருக்கும் இருந்த இடம் போகவில்லை, இல்லாதவர்களுக்கு இடம் கிடைத்திருந்தது. புதிதாக ஒரு கோப்பு திறந்தாள். தலைவர், ஜெசிந்தா மேரி. பிள்ளை, செலின் மேரி. பிழை இல்லை என்று வந்தது. அவள் சத்தமாகச் சிரித்துவிட்டாள். கண் கலங்கியதை அருண் பார்க்காததுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அப்பாவ ஒரு வார்த்த கேட்டுட்டு அனுப்பு" என்று மட்டும் சொன்னான்.

லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு கரும்புக் கொல்லைகளைத் தாண்டி வீடு போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. டிசம்பர் மாதம். தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் காகித நட்சத்திரம் தொங்கியது. அவர்கள் வீட்டு நட்சத்திரத்துக்கு மட்டும் பல்பு போயிருந்தது. மரியசுந்தரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து புது பல்பை அட்டையிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தார். சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் கிழிக்காமல் பிரிப்பார்.

ஜெசிந்தா அவர் மடியிலேயே திரையை வைத்தாள். வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த கோபம் ஒரே கேள்வியாக வந்தது.

"யாருப்பா உன்ன இப்டி எழுதிக் குடுக்கச் சொன்னது?"

"மொதல்ல சரியாத்தான் குடுத்தேன்" என்றார் அவர். "உன்னத் தனியா, பாப்பாவ உங்கீழ. அந்தப் பாக்யராஜு போன் பண்ணான். துணை இல்லன்னா கம்ப்யூட்டர் ஏத்துக்காது, ஒரு புள்ளி வெச்சிடட்டுமா மாமான்னான்."

"புள்ளியா?"

"ஆமா. டேனியல் சாருக்குப் புள்ளி வெச்சா ஒருத்தனும் பாக்கமாட்டான். உனக்கு வெச்சா ஊரே அந்தப் புள்ளியத்தான் பாக்கும். வேணாம், ரெண்டு பேரையும் எங்கீழயே போடுன்னுட்டேன்."

மறைத்தார் என்று ஜெசிந்தா நினைத்திருந்தாள். அவர் பேத்தியைப் புத்தகத்துக்குள் கொண்டுவரத் தெரிந்த ஒரே வழியைப் பிடித்திருக்கிறார். வழி முழுக்க அவரைத் திட்டிக்கொண்டு வண்டி ஓட்டியது வெட்கமாக இருந்தது.

செலின் வந்து திரையில் எட்டிப் பார்த்தாள். எதைப் பார்த்தாலும் படித்துவிடுகிற வயது.

"துணை, கொஸ்டின் மார்க். இன்னாம்மா கேக்குது?"

"ஒண்ணியும் கேக்கலடி. இருந்தாலும் சரி, இல்லன்னாலும் சரின்னு சொல்லுது."

"அப்ப இந்த ஸ்டாரு?"

"எத்தன பேரு இருந்தாலும் சரி. ஒருத்தர்கூட இல்லன்னாலும் சரி."

மரியசுந்தரம் இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "பாப்பா உன்னுதுல வந்துட்டா. நீ அதுல தலைவரு. அப்ப என்னுதுல யாரு?" என்றார்.

அந்தக் கேள்வியை அவள் யோசித்தே பார்க்கவில்லை. அவர் கோப்பிலிருந்து செலின் பெயரை எடுத்தாள். தன் பெயரையும் எடுத்தாள். மரியசுந்தரம், மறைந்த ஆனி மேரி, அதற்குக் கீழே வெள்ளை. ஓட்டிப் பார்த்தாள், எங்காவது பிழை என்று ஒரு சிவப்பு வரி வரக் கூடாதா என்றிருந்தது. வரவில்லை. அருண் வைத்த நட்சத்திரம் அதற்கும் இடம் கொடுத்திருந்தது.

"கம்ப்யூட்டரு தப்பு இல்லன்னுதா?" என்றார் அவர்.

"இல்லன்னுதாம்பா வருது."

"அப்ப வுடு. அவ உன் புள்ள. அதான் சரி." லேப்டாப்பை அவளிடம் கொடுத்துவிட்டு பல்போடு எழுந்தார். "பாப்பா, வா, ஸ்டூல புடி."

ஜெசிந்தா உள்ளே ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். தன் பெயரை மட்டும் அப்பாவின் கோப்பில் மறுபடி தட்டினாள். பிள்ளை, ஜெசிந்தா மேரி. ஒரே ஆள் ஒரு வீட்டில் தலைவராகவும் இன்னொரு வீட்டில் பிள்ளையாகவும் இருக்கலாமா என்று அந்த விதிப்பக்கத்தில் எங்கும் எழுதியில்லை. அச்சகத்துக்காரன் இரண்டு முறை வருகிறதே என்று கேட்பான். பேரவையிலும் யாராவது கேட்பார்கள். எந்திரம் என்ன சொல்லும் என்று பார்க்க அவளுக்கே ஆசையாக இருந்தது, பயமாகவும் இருந்தது. விரல் கோப்பை ஓட்டும் பொத்தானுக்கு மேல் நின்றது.

"ஆடாத தாத்தா, நான் புடிச்சினுகீறேன்" என்று வெளியே செலினின் குரல் கேட்டது. அப்புறம் நட்சத்திரம் எரிந்தது. அதன் சிவப்பு வெளிச்சம் ஜன்னல் கம்பிகளுக்கு இடையே நுழைந்து கீபோர்டின் மேலும் அவள் விரல்களின் மேலும் விழுந்து, காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.