ஆல்வின் வீட்டு ஆப்பிள்

ஆல்வின் ஷ்ட்ராபை எனக்குப் பிடிக்காது. பன்னிரண்டு வருடமாகப் பிடிக்காது.

அவன் வீட்டு மரத்து ஆப்பிள் நிலவறையில் ஏப்ரல் வரை சுருங்காமல் கிடக்கும். அதைக் கேள்விப்பட்டு ஒரு கம்பெனி வந்தது. ஒரே ஒரு பழத்தை எடுத்துப்போய், அதன் செல்லைத் தொட்டியில் பெருக்கி, முகச்சுருக்கத்துக்குக் கிரீம் செய்து விற்றது. வேறு மரத்தில் ஒட்டுக் கட்டி வளர்க்க யாருக்கும் இந்த மரத்திலிருந்து ஒட்டுக்குச்சி தரமாட்டேன் என்று ஆல்வின் கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டான். எங்கள் ஏரிக்கரையில் ஒட்டுக்குச்சி கேட்டவருக்கு இல்லையென்று சொன்னவன் அதுவரை யாருமில்லை.

என் கணவர் கோன்ராட் அவனைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. இரண்டு குச்சியை வெட்டிவந்து எங்கள் மரங்களில் ஒட்டுக் கட்டிவிட்டார். ரோட்டோர மரத்தில் துளிர்த்ததை ஆல்வின் பார்த்தான். கத்தரியோடு வந்து, எங்கள் கண்ணெதிரே நறுக்கிப் போட்டான். கோன்ராட் இறந்தபோதும் நான் அவனோடு பேசவில்லை.

இந்த ஜூனில் அவன் மரத்துக்குக் கருகல் நோய். தோட்டத்துறை அதிகாரி அடிமரத்தில் சிவப்பு வளையம் அடித்து, திங்கட்கிழமை வெட்டி எரிக்கச் சொல்லிவிட்டார். அவர் வந்துபோன மறுநாளே ஆல்வின் என் வாசலில் நின்றான்.

"ஹெட்விக், கம்பெனிக்குப் போன் போட்டேன். உங்ககிட்ட இருக்குறதுல ஒரு கன்னு வளத்துத் தாங்கன்னேன்."

"தந்தானா?"

"தொட்டியில இருக்குறது மரமாவாதாம். ஒரு பெட்டி கிரீம் அனுப்பியிருக்கான்."

"பூசிக்க. மாப்பிள்ளையாட்டம் ஆயிடுவ."

அவன் சிரிக்கவில்லை. "கோன்ராட் ரெண்டு குச்சி வெட்டுனான். எனக்குத் தெரியும்."

களஞ்சியத்துக்குப் பின்னால் கூட்டிப்போனேன். அங்கே கட்டிய இரண்டாவது குச்சி, கிளையாகி என் தொடை அளவுக்குப் பருத்திருந்தது. அதிகாரி பார்த்து, நோயில்லை என்று சொன்ன மரம். ஆல்வின் பட்டையைத் தடவினான். நெற்றியை அதில் சாய்த்துக்கொண்டான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"தரேன்," என்றேன். "ஆனா இதுலேருந்து வளர்ற மரத்துல, கேக்குற எல்லாருக்கும் நீயும் குச்சி தருவேன்னு எழுதிக் கையெழுத்துப் போடு."

சமையலறை மேசையில் தாளும் பேனாவும் வைத்தேன். எழுத ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான்.

"இது தெரிஞ்சா கம்பெனிக்காரன் கேஸ் போட்டுருவான், ஹெட்விக். வீடு போயிடும்."

"அப்ப கிரீமையே வச்சுக்க."

"உன் காலுல விழட்டுமா?"

"கோன்ராட் குனிஞ்சு அந்த நறுக்குன கிளையப் பொறுக்குனாரே, அப்ப எங்க போச்சு இந்தப் பணிவு?"

பேனாவை மூடி வைத்துவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை மதியம்வரை ரம்பம் இரைந்தது. ஆகஸ்டில் கோன்ராட் கட்டிய கிளையிலிருந்து ஒட்டுக்கான மொட்டுகளைச் சீவி, ஈரத்துணியில் சுற்றிக் கூடையில் எடுத்துக்கொண்டு ஊரில் பதினோரு வீட்டுக்குப் போனேன். ஆல்வின் வேலியோரம் நின்று கூடையையே பார்த்தான். ஒரு மொட்டு மீதி இருந்தது. அதை என் வீட்டு அடுப்பில் போட்டேன்.